கையெழுத்து நோட்டு வந்துவிட்டது, கடல்காரர் எங்கே?

எந்த மீன்வளக் கொள்கையைப் புரட்டினாலும் "சிறு மீனவர்களின் கருத்தும் கேட்கப்பட்டது" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் என் சந்தேகம். விடிகாலையில் கரை பிடித்து, மீனை இறக்கி விற்று, வலையில் சிக்கிய நண்டைப் பிய்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எங்கோ நகரத்தில் கூட்டம் நடக்கும். வரைவு நூற்றுக்கணக்கான பக்கம், அதுவும் வக்கீல் பாஷையில். அன்றைய தொழிலை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்துக்குப் போனவருக்கு ஒரு டீயும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் உரிமையும் கிடைக்கும். இதற்குப் பெயர் கலந்தாய்வு.

ஏதோ நாலு பேர் பிரச்சினை இல்லை இது. உலகில் பிடிபடும் மீனில் குறைந்தது 40 சதவீதம் சிறு மீனவர்கள் பிடிப்பது. மீன்பிடித் தொழிலை நம்பியிருப்பவர்களில் 90 சதவீதம் பேரும் அவர்களே. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டாளிகளும் 2023இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது. அதே ஆய்வின்படி சிறு மீன்பிடித் துறையில் 10 பேரில் 4 பேர் பெண்கள்.

அந்தப் பெண்கள் கொள்கையில் எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலும் படகுப் பதிவை வைத்துத்தான் மீனவரை அடையாளம் காண்கிறார்கள். நீர் வற்றியதும் முழங்கால் சேற்றில் குனிந்து மட்டி பொறுக்குகிறவருக்குப் படகு ஏது? வலை பின்னுகிறவர், மீனைக் காயவைக்கிறவர் பெயரில் உரிமம் ஏது? நிவாரணப் பட்டியல் போடும் நாளில் அவர் வெறும் இல்லத்தரசி ஆகிவிடுவார்.

ஒரு சொல்லை எப்படி வரையறுக்கிறோம் என்பதே பிழைப்பைப் பறித்துவிடும். தென்னாப்பிரிக்காவின் 1998 சட்டத்தில் வணிக மீன்பிடி, பொழுதுபோக்கு மீன்பிடி, வயிற்றுப்பாட்டுக்கான மீன்பிடி என்று மூன்றே வகை. கொஞ்சம் சமைத்து மிச்சத்தை விற்கும் சாதாரண மீனவர் எதிலும் சேரவில்லை. அவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். சமத்துவ நீதிமன்றம் 2007இல் இடைக்கால நிவாரணமும் புதிய கொள்கையும் வேண்டும் என்றது. கொள்கை வர 2012 ஆனது. தொடக்கத்திலேயே நாலு மீனவரை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் இத்தனை வருடம் போயிருக்காது.

சிறு மீனவர் எல்லாரும் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. பொடிக்கண்ணி வலை போட்டுக் குஞ்சுகளை வாருபவர்களும் உண்டு. ஆனால் எந்தக் கரையில் எவர் அப்படிச் செய்கிறார் என்பது பக்கத்துப் படகுக்காரருக்குத்தான் முதலில் தெரியும். அவரைச் சேர்க்காமல் போட்ட தடையை அவர் ஏன் காவல் காக்க வேண்டும்?

2014இலேயே சிறு மீன்பிடிக்கென உலகளாவிய வழிகாட்டு நெறிகள் வந்துவிட்டன. ஆனால் 'தன்னார்வ' நெறிகள், அதாவது விரும்பினால் பின்பற்றலாம், கட்டாயம் இல்லை. அந்த ஒரு சொல்லில்தான் எல்லா அரசும் ஒதுங்கிக்கொள்கிறது.

சரி, குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள். வரைவு எழுதும் முன்பே, மீன் விற்று முடிந்த நேரத்தில், படகு இறங்கும் இடத்துக்கே வந்து கேளுங்கள். ஒருவர் சொன்ன மறுப்பை ஏற்க முடியாவிட்டால் ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். கையெழுத்து நோட்டை அப்புறம் நீட்டலாம்.