துணை அதிகாரி யாரென்று நமக்கென்ன?

பிரான்சில் வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் போட்டி ஆணையத்தில், சட்டத் தொழில்களைக் கவனிக்கும் பிரிவுக்குப் புதிய துணைத் தலைமை விசாரணை அதிகாரியை நியமித்திருக்கிறார்கள். அமைச்சர் மாறினால் பேசுவோம், துணை அதிகாரி மாறினால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஆனால் இங்கே வீடு வாங்க நினைக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய நாற்காலி இது.

இந்த நாட்டில் நொத்தேர், அதாவது சொத்து உறுதியை எழுதி முடிக்கும் சட்ட அதிகாரி, இல்லாமல் வீடு கைமாறாது. வாசலில் தங்க நிற நீள்வட்டப் பலகை தொங்கும் அந்த அலுவலகத்தில், அவர் உறுதியை வாசிக்க வாசிக்கத் தலையாட்டிவிட்டு, திரையில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது தெரியும். பழைய வீடென்றால் விலையில் 7, 8 சதவீதம் செலவு என்றதும் அவரைத்தான் திட்டுவோம். நியாயமாகப் பார்த்தால் அதில் பெரும்பகுதி வரி. அவருடைய கட்டணத்தையும் அரசுதான் நிர்ணயிக்கிறது.

அப்புறம் போட்டி ஆணையத்துக்கு இதில் என்ன வேலை? எத்தனை பேர் புதிதாக அலுவலகம் திறக்கலாம் என்பதில்தான். நெப்போலியன் போர்களுக்குப் பிறகு கஜானா காலியாகிவிட, 1816-இல் அரசு நொத்தேர்களிடம் கூடுதல் பிணைத்தொகை வாங்கிக்கொண்டு, தங்களுக்குப் பின் யார் என்று முன்மொழியும் உரிமையைக் கொடுத்தது. அதாவது பதவியை விலைக்குக் கைமாற்றலாம். இருநூறு ஆண்டுகள் அப்படியே ஓடியது. தகுதி இருந்தும் காசில்லாத இளையவர்கள் பிறரிடம் சம்பளத்துக்கு இருந்தார்கள். மக்ரோன் பொருளாதார அமைச்சராக இருந்தபோது வந்த 2015 ஆகஸ்ட் சட்டம்தான் கதவைக் கொஞ்சம் திறந்தது. எந்த வட்டாரத்தில் எத்தனை புதியவர்கள் தேவை என்று ஆணையம் கணக்கிட்டு வரைபடம் தரும். நீதி, பொருளாதார அமைச்சர்கள் முடிவு செய்வார்கள். (அல்சாஸ், மொசெல் பகுதிக்கு இது பொருந்தாது. அங்கே பதவியை விற்கும் வழக்கமும் கிடையாது.)

முதல் சுற்றில் 1,002 அலுவலகங்கள். 2016 நவம்பரில் விண்ணப்பம் திறந்ததும் 30,000-க்கும் மேல் வந்து குவிந்தன. ஒரே ஆள் பல வட்டாரங்களுக்குப் போட்டதும் இதில் சேர்த்திதான். முதல் 24 மணி நேரத்தில் வந்தவை எல்லாம் சமம் என்று வைத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். ஆண்டுக்கணக்கில் சட்டம் படித்தவரின் பிழைப்பைக் குலுக்கலில் விட்டது எனக்கு இன்றும் செரிக்கவில்லை. அதற்காகப் பழைய முறையே மேல் என்றால் அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். குலுக்கலில் அப்பன் சொத்து இல்லாதவனுக்கும் ஒரு சீட்டு இருந்தது.

பிறகு சந்தை படுத்தது. 2021-இல் சுமார் 12 லட்சம் பழைய வீடுகள் விற்றன; 2024-இல் 8 லட்சத்துக்கும் கீழே. இருக்கிறவர்களுக்கே வேலையில்லை, புதியவர்கள் எதற்கு என்கிறது தொழில்தரப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. முதலில் அடிபடுவது நேற்றுத் திறந்த அலுவலகம்தான். ஆனால் விற்பனை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் "இன்னும் ஆள் சேருங்கள்" என்று இவர்கள் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அதனால்தான் அந்த நாற்காலி முக்கியம். வரைபடத்துக்கான கோப்பு அங்கேதான் உருவாகிறது. அது வலுவில்லாமல் போனால் எண்ணிக்கையைக் குறைப்பது அமைச்சர்களுக்குச் சுலபம். புதிய அதிகாரி ஒரு மோசமான ஆண்டை மட்டும் வைத்து எண்ணிக்கையைக் குறைக்கக்கூடாது, பத்தாண்டுப் போக்கைப் பார்க்க வேண்டும். குலுக்கலில் வந்தவர்களில் யார் தாக்குப்பிடித்தார்கள், யார் பெரிய அலுவலகத்தோடு சேர்ந்துகொண்டார்கள் என்பதை வட்டாரம் வட்டாரமாகக் கேட்டு, அடுத்த வரைபடத்தோடு சேர்த்தே வெளியிட வேண்டும்.