1200 என்ற கோடு

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முதல் வாரத்தில், அமெரிக்கப் பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்பில் ஏபி எனப்படும் கல்லூரித் தர உலக வரலாறு நடத்தத் தொடங்கும்போது, பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஆளுக்கொரு சிறிய அட்டையைக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உலக வரலாற்றை மே மாதத்துக்குள் படித்து முடிக்க வேண்டும் என்றால் எந்த ஆண்டிலிருந்து தொடங்குவீர்கள், ஏன்? பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலான அட்டைகளில் 1492 இருக்கும். சிலவற்றில் 1776. மீதி, ஏசு பிறப்பு, முதல் உலகப் போர், மனிதன் நெருப்பு மூட்டக் கற்ற நாள் என்று சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு, நம் பாடம் 1200இல் தொடங்குகிறது என்று சொன்னதும் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: 1200இல் அப்படி என்ன நடந்தது?

குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. செங்கிஸ்கான் பட்டம் சூடியது 1206இல். சோழர் ஆட்சி முடிந்தது 1279இல். 1200 என்பது 2018ஆம் ஆண்டு கோடையில் ஏபி பாடங்களையும் தேர்வுகளையும் நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு, ஆசிரியர்களின் எதிர்ப்புக்கு ஓரளவு இறங்கிவந்து ஒப்புக்கொண்ட ஆண்டு, அவ்வளவுதான். அந்தக் கதையை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதும், அந்தக் கோட்டை வைத்தே வரலாற்றைப் படிக்கும் முறையைக் கற்றுத்தர முடியும் என்பதும் என் கருத்து. அதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சிறு விளக்கம். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஒரு பாடத்தைப் படித்து, மே மாதம் நாடு முழுவதும் நடக்கும் பொதுத் தேர்வை எழுதி, ஐந்துக்கு மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால் பல கல்லூரிகள் அதற்கு ஈடாகச் சில பாட அலகுகளைத் தருகின்றன. அதுதான் ஏபி. உலக வரலாற்றுக்கான முதல் தேர்வு 2002இல் நடந்தது. அப்போதைய பாடம் பயிர்த்தொழில் தோன்றியதிலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 10,000 ஆண்டுகளை உள்ளடக்கியிருந்தது.

அந்தப் பத்தாயிரம் ஆண்டுப் பாடத்தை நானும் சில வருடம் நடத்தியிருக்கிறேன். நடத்தினேன் என்பதைவிட அதன் பின்னால் ஓடினேன் என்பதுதான் சரி. ஹான் சீனாவும் ரோமும் சேர்ந்து மூன்று நாளில் முடிந்துவிடும். பௌத்தம் இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போன கதைக்கு ஒரு வகுப்பு நேரம், அதாவது நாற்பது நிமிடம். பனிப்போருக்கு வந்து சேரும்போது ஏப்ரல் கடைசி வாரம் ஆகியிருக்கும். பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளில், எந்தப் பேரரசு வீழ்ந்தாலும் வரி உயர்வு, ஊழல், நாடோடிகளின் படையெடுப்பு என்ற மூன்று காரணங்களும் அதே வரிசையில் வரும். ரோம் என்ற பெயரை எடுத்துவிட்டு குப்தர் என்று போட்டாலும் அந்தக் கட்டுரை அப்படியே பொருந்தும். அது அவர்கள் குற்றமில்லை. வேகமாக ஓட்டியவன் நான்.

ஆகவே 2018இல், பாடம் இனி 1450இல்தான் தொடங்கும் என்று காலேஜ் போர்டு அறிவித்தபோது, சுமை குறையும் என்ற வகையில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த நாள்தான் அந்த எண்ணின் பொருள் உறைத்தது. 1450இல் தொடங்கினால் முதல் பாடமே ஐரோப்பியர் கப்பல் ஏறுவதுதான். கொலம்பஸ் கரையிறங்கும்போதுதான் அமெரிக்கப் பழங்குடிகள் மாணவரின் கண்ணில் படுவார்கள். போர்ச்சுகீசியர் வந்து சேரும்போதுதான் ஆப்பிரிக்கக் கடற்கரை தெரியும். வாஸ்கோ ட காமா வரும்வரை கோழிக்கோடு இருட்டில் கிடக்கும். 1324இல் மக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் பொன்னை வாரி இறைத்த மேற்கு ஆப்பிரிக்க மாலியின் மன்னன் மன்சா மூசா, 1325இல் மொராக்கோவின் தாஞ்சியரை விட்டுக் கிளம்பி மதுரை சுல்தானின் அவைவரை வந்த பயணி இபின் பதூதா, கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான கில்வாவின் வணிகர்கள், 1405 முதல் 1433 வரை ஏழு முறை கடலோடிய சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ ஆகிய எல்லோரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். வெள்ளைக்காரர் வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வரலாறு என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பாடம் தொடங்கும் ஆண்டே அதைச் சொல்லிவிடும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள். அமெரிக்க வரலாற்றுக் கழகமும் தன் கவலையை எழுத்தில் தெரிவித்தது. ஜூலையில் காலேஜ் போர்டு 1450ஐக் கைவிட்டு 1200க்கு வந்தது. 2019 இலையுதிர் காலத்திலிருந்து இந்தப் புதிய பாடம் நடைமுறையில் இருக்கிறது.

1200 போதுமா? இந்த இடத்தில் என் சக ஆசிரியர்கள் சிலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பழையபடி பத்தாயிரம் ஆண்டையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் கட்சி. எங்காவது ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பது என் கட்சி. வெட்டியதால் போனவை கொஞ்சமல்ல என்பதும் எனக்குத் தெரியும். பாக்தாத் அறிஞர்களின் மொழிபெயர்ப்புப் பணியும், எத்தியோப்பியப் பகுதியின் பழைய அக்சும் நாடும், இந்திய எண்கள் மேற்கே சென்ற பயணமும் இப்போது ஒரு வரிப் பின்னணியாகச் சுருங்கிவிட்டன. கிறித்தவமும் இஸ்லாமும் எப்படித் தோன்றின என்று அறியாமலே, அவை ஏற்கெனவே பரவிவிட்ட உலகத்துக்குள் மாணவர் நேராக நுழைகிறார். ஆனாலும் எண்ணூறு ஆண்டுகளில் ஓர் ஆவணத்தின் முன்னால் இரண்டு நாள் உட்கார முடிகிறது. பத்தாயிரம் ஆண்டுகளில் அது முடியாது.

தமிழ்ப் பெற்றோர் என்னிடம் வேறு கேள்வி கேட்பார்கள். பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தந்தை பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். "சார், விஜயநகரம் இருக்கிறது, ஸ்ரீவிஜயம் இருக்கிறது, கெமர், மஜாபாஹித் எல்லாம் இருக்கின்றன. ராஜேந்திர சோழன் எங்கே?" 1025இல் நடந்த கடற்படையெடுப்பு 1200க்கு முந்தையது என்று சொன்னேன். அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும், நம் மன்னன் பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. படையெடுத்தவர் பட்டியலில் இன்னொருவரைச் சேர்ப்பதால் பாடத்தின் பார்வை மாறிவிடாது. சுமத்ராவின் பாருசில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு எனக்கு அதைவிடச் சுவையானது. அதுவும் கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்பது வேறு விஷயம். சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அது கோட்டுக்குள் வந்துவிடுகிறது, அதை நடத்துகிறேன். ஆனால் வகுப்பில் நான் இரண்டு முழு நாளைச் செலவழிப்பது அதற்கும் பிந்தைய ஒரு கல்லின் மேல்தான்.

1911இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு அது. சீனாவின் மிங் மரபுப் பேரரசர் யோங்லேயின் பெயரால், 1409ஆம் ஆண்டுத் தேதியோடு, செங் ஹோவின் கப்பற்படை கொண்டுவந்து நிறுத்தியது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. வகுப்பை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மொழிப் பகுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் கொடுப்பேன். மற்றக் குழுக்களிடம் வேறு தாள் இருப்பதைச் சொல்ல மாட்டேன். பத்து நிமிடம் கழித்து, பேரரசர் யாருக்குக் காணிக்கை செலுத்தினார் என்று கேட்டால் முதல் குழு புத்தருக்கு என்கிறது. இரண்டாவது குழு, இல்லை, விஷ்ணுவின் அவதாரமான தெனாவரை நாயனாருக்கு என்கிறது. மூன்றாவது குழுவின் தாளில் பாதி இடம் வெறுமையாக இருக்கும், ஏனென்றால் பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துபோயிருக்கிறது; எஞ்சிய சொற்களை வைத்து அவர்கள் இஸ்லாம் என்கிறார்கள். சிறிது நேரம் ஒருவரையொருவர் தப்பு என்று சத்தம் போடுவார்கள். அதன் பிறகுதான் கல்லின் படத்தைத் திரையில் காட்டுவேன். (தமிழ்ப் பகுதியை வாசித்துக் காட்டச் சொல்வார்கள். அந்தக் கால எழுத்தை நானே எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிறது என்பதைக் கண்டு அவர்களுக்கு ஒரே மகிழ்ச்சி.)

காணிக்கைப் பட்டியல்கள் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கின்றன. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய். சென்ற ஆண்டு ஒரு பெண் கேட்டாள்: மூன்று சாமிக்கும் தனித்தனியாகக் கொடுத்தாரா, அல்லது ஒரே பரிசை மூன்று பேரிடமும் சொல்லிக்கொண்டாரா? அந்தக் கேள்விக்கே முழு மதிப்பெண் கொடுத்திருக்கலாம். முதல் நாள் முடிவில், மிங் பேரரசு எல்லா மதங்களையும் மதித்தது என்று பெரும்பாலோர் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாம் நாள் மிங் அரசவைக் குறிப்பின் ஒரு பகுதியைக் கொடுப்பேன். கல்லை நிறுத்திய அதே மூன்றாவது பயணத்தில், செங் ஹோ ஏறத்தாழ 2,000 வீரர்களுடன் இலங்கை அரசன் அழகேஸ்வரனின் தலைநகருக்குள் புகுந்து, அவனைக் குடும்பத்தோடு சிறைப்பிடித்து 1411இல் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்று அது சொல்கிறது. அரசன்தான் முதலில் வஞ்சகம் செய்தான் என்றும், பேரரசர் கருணையோடு அவனை மன்னித்தார் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. அறை அமைதியாகிவிடும். முந்தைய நாள் எழுதியதைச் சிலர் அடிப்பார்கள், சிலர் அடிக்காமல், பக்கத்தில் "யாருக்காக எழுதியது?" என்று குறித்துக்கொள்வார்கள். அப்புறம் யாராவது ஒருவர் கவனிப்பார்: இலங்கையில் நிறுத்திய கல்லில் சிங்களம் இல்லை. துறைமுகத்துக்கு வந்துபோன வணிகர்களின் மொழிகள் இருக்கின்றன. அந்த நாட்டு அரசனின் மொழி இல்லை. தோற்றவன் தரப்பை இந்த இரண்டு ஆவணங்களில் எங்கே தேடுவது என்ற கேள்வியோடு மணி அடித்துவிடும்.

செப்டம்பர் அட்டைகளைத் திரும்ப எடுப்பது இதற்குப் பிறகுதான். 1450 என்ற கோடு நிலைத்திருந்தால் இந்தக் கல் உங்கள் கைக்கு வந்திருக்காது என்று சொல்வேன். கல்லிடம் கேட்ட கேள்விகளையே பாடத்திட்டத்திடமும் கேட்கச் சொல்வேன். யார் எழுதியது, யாருக்காக, எந்தச் சூழலில், யாருடைய மொழி இதில் இல்லை? 1200க்கு முன்னால் தள்ளப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் பாடத்துக்குள் கொண்டுவர வாதாடி ஒரு பக்கம் எழுத வேண்டும். அதற்கு இடம் தர எதை நீக்குவீர்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டாவது பாதியில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். காலேஜ் போர்டைத் திட்டி எழுதிய ஒரு பையன், தன் பட்டியலில் நீக்குவதற்கு ஒன்றுமில்லாமல் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இதெல்லாம் தேர்வுக்கு உதவுமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1200 முதல் 1450 வரையான இரண்டு பாடப் பகுதிகளுக்கும் சேர்த்துத் தேர்வில் 16 முதல் 20 விழுக்காடுதான். கணக்குப் பார்த்தால் ஒரு கல்லுக்கு இரண்டு நாள் என்பது ஊதாரித்தனம். ஆனால் அதே தேர்வில் 25 விழுக்காடு, ஏழு ஆவணங்களைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் வாதம் கட்டச் சொல்லும் ஒற்றைக் கேள்விக்குப் போகிறது. ஆவணத்தை எழுதியவரின் நிலை என்ன, நோக்கம் என்ன என்று பார்ப்பதற்கு அதில் தனியாக மதிப்பெண் உண்டு. காலேஜ் போர்டின் மேல் எனக்கு எத்தனை குறை இருந்தாலும் இந்தக் கேள்வியை வடிவமைத்தவர்களை நான் பாராட்டுகிறேன். 55 நிமிடத்தில் 55 கேள்விக்கு விடை குறிக்கும் பகுதியைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

இரண்டு நாளை எங்கிருந்து எடுக்கிறேன் என்றால், ஒட்டோமான், சஃபாவி, முகலாயப் பேரரசுகளை ஒப்பிடும் பகுதியிலிருந்து. அதைச் சுருக்கி நடத்துகிறேன். போன வருடம் ஒரு மாணவன் இதைக் கண்டுபிடித்துவிட்டான்: நீங்களும் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள், எங்களிடம் சொல்லவில்லையே என்றான். இந்தச் செப்டம்பரில் அதையும் பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்கப்போகிறேன்.