ராயபுரம் இந்தியாவின் முதல் ரயில் நிலையம் அல்ல
இந்தியாவின் முதல் ரயில் நிலையம் சென்னை ராயபுரம்தான் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், அது சரியல்ல. 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணேவுக்குப் பயணிகள் ரயில் ஓடிவிட்டது. ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கி, இன்றைய வாலாஜா ரோடு வரை, மெட்ராஸ் ரயில்வே தன் முதல் பாதையைத் திறந்தது 1856-இல்தான். எனவே தென்னிந்தியாவின் முதல் நிலையம் என்பதே பொருந்தும்.

ஆனால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது எளிதில் விளங்கும். போரி பந்தர், தாணே இரண்டிலும் அன்றைய மூலக் கட்டடங்கள் இன்று இல்லாத நிலையில், தூண்கள் வரிசையாக நிற்கும் ராயபுரத்தின் பழைய கட்டடமே நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடமாகக் கருதப்படுகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பெருமையே பெரிது.

சென்னை சென்ட்ரல் இதற்கும் முந்தையது என்று இன்னொருவர் எழுதியதும் தவறு. அது 1873-இல் வந்தது. 1907 வாக்கில் வண்டிகள் அங்கே போய் நிற்கத் தொடங்கிய பிறகு, ராயபுரம் முனையம் என்ற தகுதியை இழந்தது. இப்போது அது சென்னைக் கடற்கரைக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் இடையே, புறநகர் மின்ரயில்கள் நின்று செல்லும் ஒரு வழி நிலையம்.