பசுமை மின்சாரம் என்றாலும் தெருவைச் சூடாக்குவது வீண்தான்

ஐரோப்பாவில் குளிர் தொடங்கியதும் இந்த வாதமும் கிளம்பிவிடும்: "எங்கள் ஹீட்டர் காற்றாலை, சூரிய மின்சாரத்தில்தான் ஓடுகிறது. இதில் என்ன வீண்?" கஃபே வாசலில், நாற்காலிகளுக்கு மேலே சிவப்பாக எரியுமே, அந்த ஹீட்டர்களைப் பற்றிய பேச்சு. எனக்கு இந்த வாதத்தில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

பிரான்ஸில் நடந்ததைப் பாருங்கள். 2008 ஜனவரியில் கஃபேக்களுக்குள் புகைபிடிக்கத் தடை வந்த பிறகு, வெளியே உட்காருபவர்களுக்காக இந்த ஹீட்டர்கள் பெருகின. 2020 தொடக்கத்தில் ரென் நகரம் அவற்றைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு வந்த காலநிலைச் சட்டத்தின்படி, 2022 மார்ச் கடைசியிலிருந்து நாடு முழுக்கத் தடை. கேஸ், மின்சாரம் இரண்டுக்கும்தான். "நம் மின்சாரத்தில் பெரும்பகுதி அணுமின்சாரம், கார்பனே குறைவு, அதை ஏன் சேர்த்தீர்கள்?" என்று பலர் கேட்டார்கள். சேர்த்தது சரி என்பதே என் கருத்து.

கேஸ் ஹீட்டரை விட மின்சார ஹீட்டர் மேல்தான், மறுக்கவில்லை. கேஸ் ஹீட்டர் 12 கிலோவாட் வரை விழுங்கும். மின்சார ஹீட்டர் 2 கிலோவாட்டில் ஆள் மீது நேராக வெப்பத்தை வீசும். ஆனால் அதையே ஐந்து மணி நேரம் எரித்தால் 10 யூனிட். அந்த 10 யூனிட்டை ஒரு வீட்டு ஹீட் பம்புக்கு (வெளிக்காற்றிலோ மண்ணிலோ இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் கருவி) கொடுத்தால் சுமார் 30 யூனிட் வெப்பம் கிடைக்கும், அதுவும் நான்கு சுவருக்குள் தங்கும். வெளியே எரித்ததில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

அப்புறம், எந்த நேரத்து மின்சாரம் என்று யாரும் கேட்பதில்லை. டிசம்பரில் பாரிஸில் மாலை ஐந்துக்குள் சூரியன் மறைந்துவிடும். கஃபே நிரம்பும் ஏழு மணிதான் மின்தேவையும் உச்சத்துக்குப் போகும் நேரம். அப்போது சூரிய மின்சாரம் பூஜ்யம். 'பசுமை' இணைப்பு வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கை மணிக்கு மணி சரிபார்ப்பதில்லை. நண்பகலில் விளைந்த யூனிட்டை இரவில் எரித்ததாகத் தாளில் எழுதிக்கொள்ளலாம். உண்மையில் அந்த நேரத்தில் கூடுதலாகக் கேட்கும் யூனிட்டுக்குப் பெரும்பாலும் எங்கோ ஒரு கேஸ் மின்நிலையம் ஈடுகொடுக்க வேண்டியிருக்கும். 2022இல் பல அணு உலைகள் நின்றுபோய், பிரான்ஸே மின்சாரத்தை இறக்குமதி செய்தது. கைக்கெட்டும் மின்சாரத்துக்கு எல்லை உண்டு.

காற்று பலமாக வீசி, வாங்க ஆளில்லாமல் மின்சார விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் நேரங்களும் உண்டு. அப்போது யாராவது ஹீட்டர் போட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் கஃபேக்காரர் சந்தை விலையைப் பார்த்து ஸ்விட்ச் போடுவதில்லை, குளிர்கிறது என்றுதான் போடுகிறார். பிரான்ஸில் குளிர்காலத்தில் ஒரு டிகிரி வெப்பம் குறைந்தாலே மின்தேவை சுமார் 2400 மெகாவாட் ஏறும். வீடுகளே மின்சாரத்துக்குக் கைநீட்டும் அதே நேரத்தில்தான் தெரு ஹீட்டரும் கைநீட்டுகிறது. வாடிக்கையாளருக்கு ஒரு கம்பளி கொடுங்கள். பல கஃபேக்கள் கொடுக்கின்றன.