ஐ7 என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

‘பட்ஜெட் குறைவா? பழைய ஐ7 லேப்டாப் வாங்குங்கள், எந்த ஐ5-ஐ விடவும் வேகம்’ என்று ஒருவர் சொல்லியிருப்பது சரியில்லை. (ஐ5, ஐ7 என்பவை லேப்டாப்பின் மூளையான இன்டெல் ப்ராசஸரின் வரிசைப் பெயர்கள்.) ஐ7-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 2016-இல் வந்த ஐ7-7500யு-வில் 2 கோர்தான் (கோர் என்பது ப்ராசஸருக்குள் கணக்கிடும் தனித்தனிப் பகுதி). மறு வருடமே வந்த ஐ5-8250யு-வில் 4 கோர்.

அப்புறம், அந்த 7500யு-வுக்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. கல்லூரியில் இப்போதுதான் சேரும் பிள்ளை இதில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஐ5-ஓ, ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 ப்ராசஸரோ, கொஞ்சம் புதியதாக, எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) உள்ளதாக எடுங்கள். ரேம் 8 ஜிபிதான் என்றால், பின்னால் கூட்ட முடியுமா என்பதற்காக, அது போர்டிலேயே பற்றவைத்ததா, கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்று காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.