தூங்கினால் இருதயம் அடைபட்டதா?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திரும்ப இங்கே போடப்போவதில்லை. ஜெபக்கூட்டத்தின் கடைசி வரிசை, தலையில் சீலையை இழுத்துப் போட்டபடி தூங்கிவிழும் ஒரு அம்மாயி, கீழே "வசனத்துக்கு இருதயத்தை அடைத்துக்கொண்டவர்கள்" என்று எழுத்து. மூன்று சிரிப்புப் பொம்மை வேறு. லைக் போட்டவர்களில் பாதிப்பேர் என் நட்பு வட்டத்தில்தான் இருக்கிறீர்கள். நல்லது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற ஒரு மனுசி விடிவதற்கு முன்னமே எழும்புகிறாள். பீலியில், அதாவது லயத்துக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயில், தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற காலைக் கூட்டத்துக்குப் போய், தோட்டம் கேட்கிற பதினெட்டு, இருபது கிலோவை நிறுத்துக் கொடுத்தால்தான் முழுப்பேர், முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். அன்றைக்குக் கூட்டம் ஏழு மணிக்கு. பிரசங்கம் ஆரம்பித்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. தூங்காமல் என்ன செய்வாள்?

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 20-ஐத் திறந்து பாருங்கள். துரோவாவில் பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசுகிறார். ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் இருந்தபடியே தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான். அந்த அறையில் விளக்குகள் அநேகம் இருந்தன என்பதைக்கூட அதை எழுதிய லூக்கா விடவில்லை. ஆனால் அவன் இருதயம் அடைபட்டிருந்தது என்று ஒரு சொல் கிடையாது. பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் போன் இல்லாதது ஐத்திகுவின் அதிர்ஷ்டம்.

இருதயம் திறப்பதைப் பற்றிப் பேச வேண்டுமா, அப்போஸ்தலர் 16:14 இருக்கிறது. பிலிப்பியில், ஆற்றங்கரையில், இரத்தாம்பரம் என்கிற விலையுயர்ந்த சாயத் துணி விற்கிற லீதியாள். அவள் இருதயத்தைத் திறந்தது கர்த்தர். பேசிக்கொண்டிருந்த பவுல்கூட இல்லை, கமெராக்காரரும் இல்லை. அடுத்த வசனத்தில் அவள் தன் வீட்டைத் திறந்து வந்தவர்களைத் தங்கச் சொல்கிறாள். இருதயம் திறந்தது அப்படித்தான் வெளியே தெரிந்தது.

"ஆமென் சொல்லி ஆர்ப்பரிக்கிறவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று அதே வீடியோவின் கீழே ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, மத்தேயு 13:20, 21 இரண்டையும் நிதானமாக வாசியுங்கள். வசனத்தைக் கேட்டதும் உடனே சந்தோஷத்தோடு ஏற்றுக்கொள்கிறவன் என்று இயேசு யாரைச் சொன்னார்? கற்பாறை நிலத்தை. மண் ஆழமில்லாததால்தான் அது சீக்கிரம் முளைத்தது, வெயில் ஏறியதும் காய்ந்தது. ஆர்ப்பரிப்பு எல்லாம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அதை வைத்து அளக்காதீர்கள் என்கிறேன்.

திறப்பது மெதுவாக நடக்கிற வேலை. தரிசைப் பண்படுத்துங்கள், முள்ளுக்குள்ளே விதைக்காதீர்கள் என்று எரேமியா 4:3 சொல்வது நம் ஆட்களுக்கு விளக்காமலே புரியும். முள்ளுக் கருவியால் மண்ணைக் குத்திக் கிளறாமல் இறுகிப்போன தேயிலை மலையில் போட்ட உரம் மழையோடு ஓடிவிடும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து வசனம் வாசித்தால் போதும். மாற்கு 16 அதிகாரம்தான், அதில் ஆரம்பியுங்கள், முடிக்கும்வரை வேறு புத்தகத்துக்குத் தாவாதீர்கள். முதல் தடவை சத்தமாக வாசியுங்கள். இரண்டாம் தடவை யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார் என்று பாருங்கள். மூன்றாம் தடவை எந்த வரி குத்துகிறதோ அங்கேயே நில்லுங்கள். குத்துகிற வரியைத்தான் நாம் அவசரமாகத் தாண்டுவோம், கதவு சாத்துவது அங்கேதான். அந்த வரியையே ஜெபமாக்கி, பொழுதுபடுமுன் செய்ய ஒரு காரியம் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஆள் பெயரும் இருக்கட்டும். "எல்லோரிடமும் அன்பாக இருப்பேன்" என்று முடிவெடுத்தால் ஒன்றும் நடக்காது. பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தால் 1995-இல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஒரு பாவமும் இல்லை.

கெட்டுப்போவது எங்கே தெரியுமா? ஒரு வசனம் மட்டும் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைச் சீட்டு மாதிரி இழுப்பதில். உங்கள் மேல் நான் நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அதற்கு முந்தின வசனத்தில், அது நிறைவேற பாபிலோனில் எழுபது வருஷம் ஆகவேண்டும் என்று இருப்பதை எவரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு அம்மாயி இருந்தார், எழுத்துத் தெரியாது. பேத்தி வாசிப்பாள், அவர் வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்பார், பாதியில் கண் சொருகும். ஒரு நாள் மத்தேயு 5:23, 24 வந்தது. காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு. இடிப்பது நின்றது. "திரும்ப வாசிடி" என்றார். பீலித் தண்ணீர்ச் சண்டையில் பக்கத்துக் காம்பரா வீட்டோடு பல மாசமாகப் பேச்சில்லை. அன்று சாயங்காலம் கொஞ்சம் சீனியைப் பேப்பரில் சுருட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றார். அதை எவரும் வீடியோ எடுக்கவில்லை.

"அப்படியென்றால் ஆலயத்தில் எல்லோரும் தூங்கலாமா, போதகர்களை எதிர்க்கிறீர்களா?" என்று வருவீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கில்லை. இரண்டாவது நியாயமான கேள்வி. தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு ரூபாய் வாங்காமல் பிரசங்கிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பாடு எனக்குத் தெரியும். ஆனால் யாக்கோபு 5:4, வயலை அறுத்தவர்களின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிற வசனம், கூலிக்குக் கொழுந்தெடுக்கிற சனத்தின் நடுவே எத்தனை கூட்டத்தில் பிரசங்கிக்கப்பட்டது? 1948-இல் இலங்கையில் பிரஜாவுரிமை பறிபோன சனம் இது. எல்லோரும் மிதித்துப் போன நிலத்தைப் பார்த்து "ஏன் இறுகியிருக்கிறாய்" என்று மேடையிலிருந்து கேட்பது லேசு. வீடியோவின் கீழிருந்த அந்த எழுத்தைப் படித்தபோது வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

வீடியோவை எடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்கு முடியுங்கள். மறுநாள் பெரட்டு இருக்கிறது.