நாடிக்கு மாட்டிய முகக்கவசம்

2021 ஜூன் 21 ஆம் திகதி கொரோனாப் பயணக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட பிறகு, ஒரு மாதமாகச் சேர்ந்துகிடந்த வேலைகளை முடிப்பதற்காக நான் மட்டக்களப்பு நகருக்குள் போய்வந்தது நான்கே தடவைகள்தான். அந்த நான்கு தடவையும் தலைவலியோடும் ஆத்திரத்தோடும்தான் வீடு திரும்பினேன். வீட்டில் 75 வயதில், சீனி வருத்தத்தோடும் நெஞ்சு இழுப்போடும் அம்மா இருக்கிறார். அவருக்கு நான் வாங்கிக்கொண்டு போவது அரிசியும் பருப்பும் மாத்திரைகளும் மட்டுமாக இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. ஆனால் நம் கடைகளில் நடப்பதைப் பார்த்தால், அதற்கான உத்தரவாதத்தை யாரும் தர மாட்டார்கள் போலிருக்கிறது.

முதலில் வாசலைப் பாருங்கள். பாதுகாப்பு என்று இவர்கள் நினைப்பதெல்லாம் அந்த வாசலோடு தொடங்கி அந்த வாசலோடேயே முடிந்துவிடுகிறது. துப்பாக்கி போன்ற வெப்பமானியை ஏந்திய ஒரு பையன், கொதிக்கும் வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்தவரின் மணிக்கட்டில் அதைக் காட்டிவிட்டு, எண்ணைப் பார்க்காமலேயே "போங்க சேர்" என்கிறான். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கு அது 33.8 என்று காட்டியதை நான் கண்ணால் கண்டேன். ஒரு மனிதரின் உடல் வெப்பம் உண்மையிலேயே அந்த அளவுக்குக் குறைந்திருந்தால், அவரைக் கடைக்குள் விடக் கூடாது, நேரே போதனா வைத்தியசாலைக்குத்தான் அனுப்ப வேண்டும். தொற்றியவருக்குக் காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே அவரிடமிருந்து மற்றவர்களுக்கு நோய் பரவக் கூடும் என்பதும், சிலருக்குக் காய்ச்சல் வருவதே இல்லை என்பதும் அப்போதே ஒன்றரை வருடமாகச் சொல்லப்பட்டுவந்த விடயங்கள். ஆக, அந்தக் கருவி சரியாக வேலை செய்தாலும் அது தடுக்கப்போவது கொஞ்சம்தான். நம்மிடம் இருப்பதோ சரியாகவும் வேலை செய்யவில்லை.

அடுத்தது பதிவேடு. சீ.ஆர். கொப்பி ஒன்றும், மேசைக் காலில் நூல் கட்டிய பேனை ஒன்றும். காலை எட்டு மணியிலிருந்து நகரத்தின் பாதிப் பேர் தொட்ட பேனை அது. நான் எழுதும் வரிக்கு மேல் ஒருவர் தன் பெயரை "அப்பா" என்று எழுதியிருந்தார். அவருக்கு மேல் இருந்தவரின் தொலைபேசி இலக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை தவறாமல் போயிற்று. நாளை அந்தக் கடையில் ஒருவருக்குத் தொற்று உறுதியானால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு எந்த அப்பாவைத் தேடுவார்? பேனையைத் தொட்ட கையைச் சுத்தப்படுத்தலாம் என்று பக்கத்தில் இருந்த சனிடைசர் போத்தலை அமுக்கினேன். மணமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. அறுபது வீதமாவது அல்ககோல் இருந்தால்தான் அது வேலை செய்யும். இந்தப் போத்தலில் இருந்தது குழாய்த் தண்ணீர் என்பதற்கு ஆய்வுகூட அறிக்கை எதுவும் தேவையில்லை. அந்தத் தண்ணீரோடு ஒரு துண்டுச் சவர்க்காரத்தை வைத்திருந்தால் இதைவிட எவ்வளவோ மேலாக இருந்திருக்கும், செலவும் குறைவு.

இந்தச் சடங்குகளையெல்லாம் தாண்டி உள்ளே போனால், அங்கே முகக்கவசம் நாடியில் இருக்கிறது. ஒருவருக்கு நாடியில், இன்னொருவருக்கு ஒற்றைக் காதில், காசாளருக்கு முழங்கையில். போட்டிருப்பவர்களிலும் பாதிப் பேருக்கு மூக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று, பேசாமல் நிற்கும்போது ஒழுங்காக அணிந்திருப்பவர்கள், பேச வாய் திறக்கும் அந்தக் கணத்தில் அதைக் கீழே இழுத்துவிடுவது ஏன் என்பதுதான். தொலைபேசி அடித்தால் இழுக்கிறார்கள், விலை கேட்கும்போது இழுக்கிறார்கள். ஒரு மனிதர் தும்முவதற்கென்றே அதை இழுத்துவிட்டுத் தும்மினார், தும்மி முடித்ததும் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு மறுபடி மாட்டிக்கொண்டார். மழை வந்ததும் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொள்பவரை நாம் என்னவென்று சொல்வோம்?

காசாளரின் மேசைக்கு முன்னால் பொலித்தீன் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், நடுவில் ஒரு சதுரமாக வெட்டி. அந்தச் சதுரத்துக்குள் தலையை விட்டுத்தான் எல்லோரும் பேசினார்கள். அவர் என் சாமான்களைக் கூட்டிப் பார்த்தார், விரலை நாக்கில் தொட்டார், ஷொப்பிங் பையைப் பிரித்தார். மறுபடி நாக்கில் தொட்டார், மீதிக் காசை எண்ணித் தந்தார். அந்தப் பையைக் கையில் வாங்கிய நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தை எந்த மரியாதையான சொல்லிலும் எழுத முடியாது.

நான் வாய் திறந்தேன். "அண்ணே, எச்சில் தொடாமப் பையப் பிரிக்கக் கூடாதா? மாஸ்கையும் மூக்குக்கு மேல போடுங்களேன்" என்றேன். அவர் சிரித்தார். "ஒண்டும் வராது மனே, நாங்க உப்புக் காத்துக் குடிச்சு வளந்த ஆக்கள்" என்றார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் அரச அலுவலர்கள் என்பது அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையில் தெரிந்தது.

உப்புக் காற்று யாரைக் காப்பாற்றியது? 2020 ஒக்டோபரில் கொழும்புக்கு அருகே பேலியகொடை மீன் சந்தையில் தொற்று வெடித்தபோது, மீன் வண்டிகளின் பாதை வழியே அது நம் மாவட்டத்து வாழைச்சேனைக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஊரடங்கு போட வேண்டியதாயிற்று. அந்த நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்று தனிமைப்படுத்தப்பட்டது. வாழைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் வீசுவது இதே கடலின் இதே காற்றுத்தான். 2021 மார்ச் மாதத்திலிருந்து, நாட்டின் எந்த மூலையில் கொரோனாவால் இறந்த முஸ்லிம் என்றாலும் ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டார். அந்த வண்டிகள் நம் மாவட்டத்து வீதிகளில் போவதைப் பார்த்துக்கொண்டே, ஒன்றும் வராது என்று நம்மால் சொல்ல முடிந்தது.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் 2020 ஒக்டோபரில் வெளியான வர்த்தமானியின்படி பொது இடத்தில் முகக்கவசம் அணிவதும் ஒரு மீற்றர் இடைவெளி விடுவதும் அப்போது கட்டாயமாக இருந்தது. மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம் என்றிருந்தது. அந்தச் சட்டத்துக்கு நம் தெருவில் கிடைத்த மரியாதையை நான் நேரில் கண்டேன். "பி.எச்.ஐ வாறார்" என்று தெருமுனையில் யாரோ குரல் கொடுத்ததும், கடைக்குக் கடை முகக்கவசங்கள் நாடியிலிருந்து மூக்குக்கு ஏறின. பி.எச்.ஐ. ஆன அந்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் கோட்டைமுனைப் பக்கம் திரும்பியதும் அதே வேகத்தில் இறங்கின. அவரும் பாவம், எத்தனை தெருவுக்குத்தான் ஓடுவார்.

உள்ளே கண்ணாடியைப் பூட்டி ஏ.சி. போட்ட கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் முதலாளி சாமிப் படத்துக்குக் காட்டும் சாம்பிராணிப் புகை ஐந்து நிமிடத்தில் கடைசித் தட்டு வரை போய்ச் சேர்கிறது அல்லவா? மூச்சுக் காற்றும் அப்படித்தான் போகிறது. புகை கண்ணுக்குத் தெரிகிறது, மூச்சு தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தரையில் வட்டம் கீறி ஆட்களை நிறுத்துகிறவர்கள், ஒரு கதவைத் திறந்து வைக்கவும் ஒரு காற்றாடியை வெளிப்பக்கமாகத் திருப்பவும் மட்டும் மறந்துவிடுகிறார்கள். ஏ.சி. காற்று வீணாகிவிடுமாம்.

அந்தக் காற்றுக்குள் பத்து மணித்தியாலம் நிற்பவர்கள் யார்? செங்கலடியிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் பஸ்ஸில் வரும் பிள்ளைகள். உடுப்புக் கடை ஒன்றில் ஒரு பிள்ளையின் முகக்கவசம் வியர்வையில் நனைந்து, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. எத்தனை நாளாக இதையே போடுகிறாய் என்று மெதுவாகக் கேட்டேன். "கழுவிக் கழுவித்தான் போடுறன் மிஸ்" என்றாள். ஒரு தரம் பாவித்து எறிய வேண்டிய வகை அது. கழுவினால் நடு அடுக்கு கெட்டுவிடும், பிறகு அது வெறும் துணிக்குச் சமம். முதலாளியோ மாடியில் தனி அறையில், முகத்தில் எதுவும் இல்லாமல் அமர்ந்து கமராவில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோபப்பட வேண்டியது அவளிடம் அல்ல என்பது எனக்குத் தெரியும். நாள் முழுக்க நிற்பவளுக்கு இரண்டு முகக்கவசம் வாங்கிக் கொடுக்க மனமில்லாத ஒருவர், வாசலில் "முகக்கவசம் இன்றி உட்பிரவேசிக்க வேண்டாம்" என்று மூன்று மொழிகளில் பலகை மாட்டியிருப்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

நான்காவது தடவை போனபோது என் சொந்தப் பேனையைக் கைப்பையில் எடுத்துப் போனேன். வாசலில் நின்று, நூல் கட்டிய பேனையைத் தொடாமல், என் பெயரையும் உண்மையான இலக்கத்தையும் கவனமாக எழுதி முடித்தேன். பின்னால் நின்றவர் முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிக்கொண்டு, என் தோளுக்கு மேலால் கையை நீட்டினார்.

"மிஸ், அந்தப் பேனைய ஒருக்காத் தாங்க. கட்டி வச்சிருக்கிறது எழுதுதில்ல."